குடியை விட்ட முதல் மூன்று மாதம்: தூக்கம், மாத்திரை, சாயங்கால நேரம்

கயல் கேட்டது:

வணக்கம். என் அண்ணன் ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்தும் சிகிச்சை (டீடாக்ஸ்) முடித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். கை நடுக்கம், வியர்வை, வாந்தி எல்லாம் அடங்கிவிட்டன. இனிமேல்தான் கஷ்டம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என்ன கஷ்டம், அதற்கு எப்படித் தயாராவது என்று யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் நடுக்கத்தை அடக்கக் கொடுத்த டயஸெபாம் மாத்திரையையே தூக்கத்துக்குத் தொடரலாமா? நால்ட்ரெக்ஸோன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது என்ன செய்யும்? உறவினர் ஒருவர், "குடித்தால் வாந்தி வர வைக்கிற மாத்திரை இருக்கிறது, தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுங்கள்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை, வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். ஒருவேளை ஒரு நாள் மறுபடி குடித்துவிட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அண்ணனே கேட்கச் சொன்னார், பதில்களை அவரும் படிப்பார்.

இரவுப்பணி எழுதியது:

கயல், உங்கள் அண்ணன் அபாயமான கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் இதைப் படிக்கிற வேறு யாராவது "நாமும் இன்றைக்கே நிறுத்திவிடலாம்" என்று நினைக்கக்கூடும். அவர்களுக்காக முதலில் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டில் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் படபடப்பும் தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இல்லாதது கண்ணில் தெரிவது, இடம் நேரம் புரியாமல் போவது, காய்ச்சல், தாறுமாறான நாடித்துடிப்பு என்று முற்றலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. ஏற்கெனவே ஒருமுறை நிறுத்தும்போது வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வர வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

இனி தூக்கம். குடி தூக்கத்தைக் கொடுப்பதுபோல் காட்டினாலும் கனவு வரும் கட்டத்தை அமுக்கிவைக்கும். நிறுத்தியதும் அந்தக் கட்டம் சேர்த்துவைத்துத் திரும்பி வருகிறது. அதனால்தான் நடு இரவில் விழிப்பு, பயங்கரமான கனவு, வியர்த்துப்போய் எழுவது எல்லாம். தூங்கத் தொடங்கும் நேரம் சில வாரங்களில் சீராகிவிடும். ஆழ்ந்த தூக்கம் முழுமையாகத் திரும்பச் சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். இதை அண்ணன் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது மிக முக்கியம். "ஒரு மாசம் ஆச்சு, இன்னும் தூங்க முடியல, ஒரு பெக் போட்டாலாவது தூங்கலாம்" என்ற எண்ணம்தான் பலரைத் திரும்ப இழுத்துப் போகிறது. குடிப்பதுபோலவே கனவு வந்து, எழுந்ததும் "குடித்துவிட்டேனோ" என்று பதறுவதும் நடக்கும். அது ஆசை முற்றியதன் அடையாளமெல்லாம் இல்லை.

டயஸெபாமை நீங்களாகத் தொடர வேண்டாம். அதுவும் மூளையில் மதுவைப் போல அதே ஏற்பிகளின் வழியாக வேலை செய்கிறது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே பழக்கமாகிவிடும், குடிக்குப் பதில் மாத்திரை என்றாகிவிடும். டாக்டர் குறைத்து நிறுத்தச் சொன்ன அட்டவணைப்படி நிறுத்துங்கள். தேவைப்பட்டால் பழக்கமாகாத வேறு மருந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். மருந்தைவிட நிலையாகக் கை கொடுப்பது பழக்கம்தான். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரம் ஒன்றாகவே இருக்கட்டும், விடுமுறை நாளிலும். பகல் தூக்கம் வேண்டாம். குடியை விட்டவர்கள் காபியும் டீயும் கணக்கில்லாமல் குடிப்பது வழக்கம். காஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும், ஆகவே மதியத்துக்குப் பிறகு அவை வேண்டாம். படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு அறையில் மங்கலான விளக்கில் எதையாவது படிக்கட்டும், கண் சொக்கும்போது வந்து படுக்கட்டும். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் அது தனிப் பிரச்சினை, டாக்டரிடம் சொல்லுங்கள்.

தயமின் (பி1) மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பலர் "வெறும் சத்து மாத்திரைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். நெடுநாள் குடித்த குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, உடம்பில் இருப்பும் குறைவு. திடீரென்று மனக்குழப்பம், நடை தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஊசி வழியாகத் தயமின் போட வேண்டிய நிலை அது, தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம்.

மனச்சோர்வும் இருக்கும். எதிலும் ருசி இல்லாமல், சிரிப்பு வராமல், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். மூளை தன் சமநிலையைத் திரும்பப் பிடிக்கும் வரை இது இருக்கும், பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் லேசாகும். அதற்கு மேலும் நீடித்தால் தனி மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் வாரக்கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது, அப்போதே மருத்துவ உதவி.

மருந்துமேசை எழுதியது:

அந்த உறவினரின் யோசனைக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவர் சொல்வது டைசல்ஃபிரம். தயவுசெய்து தெரியாமல் கலக்காதீர்கள். மது உடம்பில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அதை மேற்கொண்டு உடைக்கும் நொதியை இந்த மருந்து தடுத்துவிடுகிறது. குடித்தால் அந்த நச்சு ரத்தத்தில் தேங்கி முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். மருந்து எடுக்கிறோம் என்று தெரிந்தவர் அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார், மருந்தின் பலனே அந்தப் பயம்தான். தெரியாதவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? வழக்கம்போல் நிறையக் குடிப்பார், இதயத்தில் கோளாறு இருந்தால் உயிரே போகலாம். அதோடு, உண்மை தெரிய வரும் நாளில் வீட்டில் யார் கையால் கொடுத்தாலும் சாப்பிட மாட்டார்.

தெரிந்து, சம்மதத்தோடு, தினமும் வீட்டில் ஒருவர் முன்னிலையில் விழுங்கினால் டைசல்ஃபிரம் சிலருக்கு நல்ல காவல். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அதன் வேலை இருக்கும், "நேற்றோடு நிறுத்திவிட்டேன், இன்று குடிக்கலாம்" என்ற கணக்கு செல்லாது. இதயநோய், மனப்பிறழ்வு நோய், முற்றிய ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது கூடாது. அரிதாக ஈரலையே தாக்கும் என்பதால் முதல் வாரங்களில் ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மது கலந்த இருமல் மருந்து, டானிக், வாய் கொப்பளிக்கும் திரவம் எல்லாவற்றிலும் லேபிளைப் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு எழுதியிருக்கும் நால்ட்ரெக்ஸோன் வேறு வகை. குடித்தால் வாந்தி வராது, குடிப்பதில் கிடைக்கும் கிளர்ச்சியைத்தான் குறைக்கும். வழக்கமான அளவு தினம் 50 மி.கி. முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் வரலாம், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குறையும். சில டாக்டர்கள் முதல் சில நாள் பாதி மாத்திரையில் தொடங்குவார்கள். "மாத்திரை போட்டும் ஆசை வருகிறதே" என்று மூன்றாம் நாளே நிறுத்துபவர்கள் உண்டு. இது ஆசையைத் துடைத்தெறியாது, அதன் வேகத்தை மட்டுப்படுத்தும். மார்ஃபின், கோடீன், ட்ரமடால் போன்ற வலி மருந்துகள் எடுப்பவர் இதைத் தொடக் கூடாது. கடைசியாக அவற்றை எடுத்து 7 முதல் 10 நாள் ஆகியிருக்க வேண்டும்.

மூன்றாவது அகாம்ப்ரோசேட். 333 மி.கி. மாத்திரை இரண்டு, தினம் மூன்று வேளை. நிறுத்தியவர்கள் நிறுத்திய நிலையிலேயே நீடிக்க இது உதவுகிறது. ஈரலில் உடைவதில்லை, சிறுநீரகம் வழியாகவே வெளியேறும், ஆகவே ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு வசதி, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. வயிற்றுப்போக்கு வரலாம். ஒரு நாளில் ஆறு மாத்திரை என்பதால் மறந்துபோவதுதான் பெரிய சிக்கல். நாள் வாரியாகப் பிரித்துவைக்கும் டப்பா ஒன்று வாங்கிவிடுங்கள். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டாலும் அகாம்ப்ரோசேட்டையோ நால்ட்ரெக்ஸோனையோ நிறுத்திவிடக் கூடாது. அந்த நாளில்தான் அவற்றின் தேவை அதிகம். டைசல்ஃபிரம் மட்டும் இதற்கு நேர் எதிர், குடித்த நிலையில் அதை எடுக்கவே கூடாது.

எந்த மருந்தானாலும் குறைந்தது ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலமரம் எழுதியது:

தங்கச்சி, அந்த ஆறு மணியைப் பற்றி நான் சொல்கிறேன். அண்ணன் படிப்பார் என்பதால் அவருக்கும் சேர்த்து.

ஆசை என்பது ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். குடித்தால்தான் அது தணியும் என்று மூளை இத்தனை வருடம் கற்றுவைத்திருக்கிறது, ஒருமுறையாவது குடிக்காமலே தணிவதைப் பார்த்தால்தான் அந்தப் பாடம் மாறும். அதனால் அந்த நேரத்தில் "இனி வாழ்நாள் முழுக்க முடியுமா" என்று யோசிக்கவே வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து, "அரை மணி கழித்து முடிவெடுப்போம்" என்று தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட்ட நேரத்தில் உட்கார்ந்தே இருக்கக் கூடாது. குளியுங்கள், வேகமாக நடங்கள், ஒருவருக்குப் போன் போடுங்கள். யாருக்குப் போன் போடுவது என்று அப்போது தேடினால் கிடைக்காது. மூன்று பேரின் எண்ணை முன்கூட்டியே, அவர்களிடம் சொல்லிவைத்து, எழுதிவையுங்கள். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவர்.

அவர் வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம். வெளியே நடக்கச் சொல்லுங்கள், கூடவே போங்கள். வழி மட்டும் பழைய கடை இருக்கும் வழியாக இருக்கக் கூடாது.

ஐந்து மணிக்கே வயிறு நிறையச் சாப்பிடக் கொடுங்கள். இதைப் பலர் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் இதைவிட எளிய உதவி வேறில்லை. பசியும் குடியாசையும் உடம்பில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது இருக்கிறது என்று ஆசை வரும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று அகப்படும், அதைச் சரிசெய்தால் பாதி பாரம் இறங்கிவிடும். இனிப்பின் மேல் திடீர் ஆசை வரும். முதல் மாதங்களில் அதற்குப் பெரிதாகத் தடை போடாதீர்கள், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கவனம்.

ஒரு நோட்டில் ஆசை வந்த நேரம், இடம், கூட இருந்தவர், அதற்கு முன் நடந்தது, பையில் இருந்த பணம், பத்துக்கு எத்தனை என்ற வேகம், எல்லாவற்றையும் குறிக்கட்டும். இரண்டு வாரத்தில் வடிவம் தெரிந்துவிடும். பலருக்கு அது சம்பள நாள், சண்டை போட்ட நாள், வேலை முடிந்த முதல் ஒரு மணி நேரம் என்று மூன்று நான்கு இடங்களுக்குள் அடங்கிவிடும். எல்லா நேரமும் போராட வேண்டியதில்லை, அந்த மூன்று நான்கு இடங்களில் மட்டும் முன்னேற்பாடு வேண்டும். சம்பளம் வேறொருவர் கணக்குக்குப் போகட்டும், வேலை முடியும் இடத்துக்கே யாராவது வந்து அழைத்துப் போகட்டும், இப்படி. வீட்டில் இருக்கும் பாட்டில், அதற்கென்று வைத்திருந்த கிளாஸ் எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். விருந்தாளிக்கு என்று கூட ஒன்றும் இருக்க வேண்டாம்.

விசேஷங்களுக்கு முதல் மூன்று மாதம் போகாமலிருப்பதே நல்லது. போயே ஆகவேண்டும் என்றால் தாமதமாகப் போய்ச் சீக்கிரம் கிளம்புங்கள், திரும்பி வரச் சொந்த ஏற்பாடு இருக்கட்டும், கையில் எப்போதும் ஏதாவது ஒரு பானம் இருக்கட்டும். வற்புறுத்தினால் சொல்ல ஒரே வாக்கியம்: "மருந்து சாப்பிடுகிறேன், குடிக்கக் கூடாது." விளக்கம் கூடக்கூட விவாதம் வளரும். அந்த வாக்கியத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும், கூச்சமாக இருந்தாலும்.

மூன்றாவது வாரத்துக்குப் பிறகு எச்சரிக்கையாக இருங்கள். உடம்பு தேறி, முகம் தெளிந்து, "நான் சரியாகிட்டேன், இனிமே அளவோட குடிக்க முடியும்" என்று தோன்றத் தொடங்கும். சோர்வாக இருக்கும் நாட்களைவிட இந்த உற்சாகமான நாட்களில்தான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போவதை விடுகிறார்கள். சோதித்துப் பார்க்க ஒரு பெக் என்பது இதில்தான் நடக்கும்.

குடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். இதை இப்போதே, அவர் தெளிவாக இருக்கும்போது, சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வண்டி எடுக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும். மறுநாளே டாக்டரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும். உளவியலாளர் ஆலன் மார்லாட் இதை விளக்கமாக எழுதியிருக்கிறார்: ஒரு கிளாஸ் உள்ளே போனதும் "எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்" என்ற குற்றவுணர்வு வருகிறது, அதுதான் ஒரு கிளாஸைப் பத்து நாள் குடியாக்குகிறது. இன்னும் இரண்டு விஷயம் உயிரோடு சம்பந்தப்பட்டவை. சில வாரம் நிறுத்தியவருக்குத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவைக் குடித்தால் மூச்சடைத்துப் போகலாம். மறுபடி பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால், வீட்டில் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றியும் சொல்கிறேன். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் சீரழிந்த இருவர் தொடங்கியது. உறுப்பினராகக் குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் போதும், கட்டணம் இல்லை. முதல் 90 நாளில் 90 கூட்டம் என்று அங்கே சொல்வார்கள். அதன் பயன் எனக்குத் தெரிந்து அந்த ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரையை ஆளோடு நிரப்புவதுதான். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு குழுவைப் பாருங்கள், குழுவுக்குக் குழு வித்தியாசம் நிறைய. ஆன்மிகப் பேச்சு ஒத்துவராதவர் ஆலோசகரிடம் வாராவாரம் போகலாம். இரண்டில் ஒன்றாவது வேண்டும், மாத்திரை மட்டும் போதாது.

நடுமுற்றம் எழுதியது:

வீட்டாருக்காக ஒரு வார்த்தை. அவர் வெளியே போய்வரும்போதெல்லாம் வாயை முகர்ந்து பார்ப்பது, பையைத் துழாவுவது எல்லாம் வேண்டாம். சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறவர் "குடிக்காமலே இந்தப் பேச்சு, குடித்தால்தான் என்ன" என்ற இடத்துக்குப் போய்விடுவார். அதற்குப் பதில், எப்போது கேட்கலாம், எப்படிச் சோதிக்கலாம் என்று அவரோடு பேசி ஒப்புக்கொள்ளுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை கேட்பது, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவே. பழைய கடன், பழைய அவமானம் எல்லாவற்றையும் இந்த மூன்று மாதத்தில் தீர்க்கப் பார்க்காதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, அதைக் கொட்ட உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இருக்கிறது.

ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதை நல்லெண்ணத்தில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பலவற்றில் 0.5 சதவீதம் வரை மது இருக்கும். அந்த அளவு போதை தராது, ஆனால் அதே வாசனையும் அதே கசப்பும் பழைய ஆசையைத் தட்டி எழுப்பிவிடும்.

இரவுப்பணி எழுதியது:

ரத்தப் பரிசோதனை பற்றி நடுமுற்றம் சொன்னதால் சேர்க்கிறேன். ஜிஜிடி என்ற ஈரல் நொதி நிறுத்திய பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகும். முதல் வாரத்தில் எடுத்து "இன்னும் ஏறித்தான் இருக்கு" என்று அவரைச் சந்தேகப்படாதீர்கள். சிவப்பணுவின் அளவைக் காட்டும் எம்சிவி இன்னும் மெதுவாக இறங்கும், சிவப்பணு ஒன்றின் ஆயுள் 120 நாள் என்பதால் மூன்று நான்கு மாதம் ஆகும். டாக்டரிடம் முதல் பரிசோதனையின் காகிதத்தைக் கேட்டு வாங்கிவையுங்கள். எண்கள் மாதாமாதம் இறங்குவதைத் தன் கண்ணால் பார்ப்பது பலருக்கும் பெரிய தெம்பு.

கயல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் படித்துவிட்டு மூன்று எண்களை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம். அடுத்த வாரம் அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. நால்ட்ரெக்ஸோனை நிறுத்த வேண்டுமா?

மருந்துமேசை எழுதியது:

நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் டாக்டரிடம் போனதும் முதல் வேலையாக நால்ட்ரெக்ஸோன் எடுப்பதைச் சொல்லுங்கள். மரத்துப்போக வைக்கும் ஊசிக்கு இதனால் தடை இல்லை. சிக்கல் வலி மாத்திரையில்தான். கோடீனோ ட்ரமடாலோ எழுதினால் அவை வேலை செய்யாது. வேலை செய்யவில்லையே என்று அளவைக் கூட்டினால் ஆபத்து. அப்படிப்பட்ட மருந்து கட்டாயம் தேவைப்படும் பெரிய அறுவையாக இருந்தால் மட்டும், குடிசிகிச்சை டாக்டரிடம் கேட்டுக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே நிறுத்துவார்கள். சாதாரணமாகப் பல் பிடுங்கப் பாரசிட்டமால் போதும், ஈரல் பாதிப்பு இருந்தால் நாளுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம். இபுபுரூஃபென் தந்தால், வயிற்றுப்புண்ணோ ஈரல் சுருக்கமோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தரச் சொல்லுங்கள்.

பல் டாக்டர்கள் அடிக்கடி எழுதும் மெட்ரோனிடஸோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நால்ட்ரெக்ஸோனோடு சேர்த்து எடுக்கலாம். டைசல்ஃபிரம் எடுப்பவருக்கு மட்டும் அது கூடவே கூடாது, மனக்குழப்பம் உண்டாகும். வாய் கொப்பளிக்கக் குளோர்ஹெக்ஸிடின் தருவார்கள், அதில் மது கலக்காத வகையும் கிடைக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். பல் வலிக்கிற இரவில் தூக்கம் இன்னும் கெடும், அன்று யாராவது ஒருவர் அவர் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.